சிம்பிள் பிரசன்ட் மட்டும் தெரிந்த சம்பந்திகள்

களி கிண்டும்போது போன் எடுக்கக் கூடாது. கை ஒரு நிமிடம் நின்றால் கட்டி தட்டிவிடும். இது தெரிந்தும் அன்று எடுத்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், தான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகவும், அவர் ஒடிசாக்காரர் என்றும், அவருடைய அம்மா அப்பா ஆறு வாரத்தில் நம் வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நான் "சரி" என்றேன்.

அன்று மதியம் என் வீட்டுக்காரர் கட்டி தட்டிய களியை இரண்டு உருண்டை தின்றுவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். மூன்றாவது உருண்டையை எடுத்துக் குழம்பில் தோய்த்தார்.

"ஒடிசா எந்தப் பக்கம்?"

"வடக்கதான். ஆந்திராவத் தாண்டி."

"நம்ம தக்காளியே அவ்ளோ தூரம் போவுது. பொண்ணு போனா என்ன?"

எங்களுக்குப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தக்காளித் தோட்டம். உலகத்தில் எது நடந்தாலும் அவர் தக்காளி வழியாகத்தான் யோசிப்பார். அவருக்குப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. வருகிறவர்களுக்கு ஒடியாவும் இந்தியும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். எனக்குத் தமிழ் தெரியும், அக்கம்பக்கத்தில் பேசிப் பழகிய கன்னடம் கொஞ்சம் தெரியும். இங்கிலீஷில் பத்தாவது பரீட்சையில் முப்பத்தாறு மார்க் வாங்கியதுதான் கடைசி. "நான் கூடவே இருந்து சொல்றேன்மா" என்றாள் மகள். சம்பந்தியம்மாவும் நானும் பேசுவதற்கு நடுவில் கல்யாணப் பெண் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் மனசுவிட்டு என்னத்தைப் பேசுவது?

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை மாடியில் முப்பது நாளில் சரளமான ஆங்கிலம் என்று ஒரு போர்டு இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன். வகுப்பு தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு. சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கு என் மகளைவிட இரண்டு வயது குறைவு. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சுகளில் நர்சிங் படிக்கும் பெண்கள். கடைசி பெஞ்சில் நான். எனக்கு அந்தப் பக்கம் பாத்திரக்கடை பாய்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல். ஏன் வந்தார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மகன் குடும்பம் பஹ்ரைனில் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் போகும் பேத்தி போனில் இங்கிலீஷ் மட்டும்தான் பேசுகிறாள்.

"அவ என்னமோ கேப்பா தங்கச்சி. நான் எஸ் எஸ்னு சொல்லுவேன். போன வாரம் எதுக்கோ எஸ்னு சொல்லிட்டேன். அழுதுட்டு போன வெச்சிட்டா. எதுக்கு எஸ் சொன்னேன்னு இன்னி வரைக்கும் தெரியல."

மிஸ் முதல் வகுப்பில் கரும்பலகை முழுக்க எழுதினாள். முதலில் சிம்பிள் பிரசன்ட். தினமும் செய்வது, வழக்கமாக நடப்பது, எப்போதும் உண்மையாக இருப்பது. சூரியன் கிழக்கே உதிக்கும், பசு பால் கொடுக்கும், நான் காபி குடிப்பேன். இது அஸ்திவாரம், இது உறுதியாக இருந்தால்தான் பாஸ்ட் டென்ஸுக்குப் போகலாம் என்றாள். வாக்கியத்தின் முடிவில் எவ்ரி டே, எவ்ரி வீக், எவ்ரி இயர் என்று எதையாவது சேர்த்தால் வாக்கியம் பலமாக நிற்கும் என்றும் சொன்னாள். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோட்டால் பின்னால் வந்த வினை எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் எஸ் என்ற எழுத்து வந்தது. ஹி, ஷி, இட் என்று ஆரம்பித்தால் வினைச்சொல்லோடு ஓர் எஸ் ஒட்ட வேண்டும். பாய் எழுந்து "மை வைஃப் குக்" என்றார்.

"குக்ஸ் சார். எஸ் போடணும்."

"ஒரு நாளைக்கு ஒருவாட்டிதானம்மா சமைக்கறா. எதுக்கு எஸ் போடறது?"

"அது பன்மை எஸ் இல்ல சார். இது வேற."

"நேத்து நீங்கதான சொன்னீங்க, பாட்டில்னா ஒண்ணு, பாட்டில்ஸ்னா நெறயன்னு."

"அது பெயர்ச்சொல்லுக்கு. இங்க ஆள் ஒருத்தரா இருந்தா எஸ் உண்டு. நெறய பேரா இருந்தா எஸ் கிடையாது."

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரே ஆளுக்கு உண்டு, கூட்டமாகப் போனால் கிடையாது. இப்படி ஒரு நியாயத்தை நாங்கள் இருவருமே எங்கும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் இன்னும் மோசம். இல்லை என்று சொல்வதற்கு டஸ் நாட் போட வேண்டும். அப்படிப் போட்டால் வினைச்சொல்லில் இருந்த எஸ்ஸை எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அது டஸ்ஸுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் போன் சார்ஜர் ஒன்றுதான். யாராவது ஒருவர் போனில்தான் மாட்டியிருக்கும். அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு டஸ் நாட்டில் தப்பு வந்ததே இல்லை. சார்ஜர் விளக்கத்தைப் பாய்க்கும் சொன்னேன். அவர் வீட்டில் ஆளுக்கொரு சார்ஜர் இருப்பதால் அவருக்குப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் மிஸ் வீட்டுப்பாடம் கொடுத்தாள். குடும்பத்தில் ஒருவரை நாள் முழுக்கக் கவனித்து, அவர் வழக்கமாகச் செய்வதைப் பத்து வாக்கியமாக எழுத வேண்டும். எங்கள் வீட்டில் கவனிப்பதற்கு இருக்கிற ஆள் ஒருவர்தான். மறுநாள் விடிகாலையிலிருந்து நோட்டோடு அவர் பின்னாலேயே சுற்றினேன். எழுதியது இதுதான். ஹி வேக்ஸ். ஹி ஸிட்ஸ். ஹி லுக்ஸ் ஸ்கை. ஹி லுக்ஸ் டொமேட்டோ. ஹி ஸிட்ஸ். ஹி ஸ்க்ராட்சஸ் லெக். ஹி ஈட்ஸ். ஹி ஸிட்ஸ். ஹி ஸேஸ் நத்திங். ஹி ஸ்லீப்ஸ்.

ஸ்க்ராட்சஸ் என்ற வார்த்தைக்காக அகராதி புரட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்னாலேயே ஒருத்தி நோட்டும் கையுமாக வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். நான் குளிக்கப் போன நேரத்தில் அவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறார். அவள் வரிக்கு வரி தமிழில் எழுதி அனுப்பிவிட்டாள். அப்பா எழுகிறார். அப்பா உட்காருகிறார். அப்பா வானத்தைப் பார்க்கிறார். நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது மனுஷன் போனைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார்.

"இருவத்தேழு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கறேன். கால் சொறியறதுதான் உன் கண்ணுல பட்டுதா?"

"இது இலக்கணங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"உட்காரறான்னு மூணு எடத்துல போட்டிருக்கற."

"மூணுவாட்டி உக்காந்தீங்க."

அவர் அடுத்த நாள் காலையில் காபி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். குழாயைத் திறந்தார். கழுவினார். எனக்கு எதிரில் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதிக்க. ஹி டம்ளர் கழுவறான்னு எழுது."

"ஒரு நாள் செஞ்சா எழுத முடியாதுங்க."

"ஏன்?"

"தினமும் செய்யணும். அப்பதான் சிம்பிள் பிரசன்ட். இல்லன்னா அது வேற டென்ஸு, இன்னும் எங்களுக்கு நடத்தல."

நான் கதை விடுகிறேன் என்று நினைத்து மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவளும் ஆமாம் என்றாள். அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்ததுபோல் தலையை ஆட்டினார். அடுத்த நாளும் கழுவினார். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் நோட்டை எடுத்து அவர் கண் முன்னால் எழுதினேன். ஹி வாஷஸ் டம்ளர் எவ்ரி டே. அவர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"எழுதியாச்சில்ல. இனி விட்டுரலாமா?"

"விட்டா அடிச்சுடணுங்க. பொய்யாயிடும்."

அவர் விடவில்லை. நானும் அடிக்கவில்லை. உலகத்தில் இலக்கணத்தால் யாருக்கு என்ன பலன் கிடைத்ததோ தெரியாது, எனக்குத் தினம் ஒரு டம்ளர் மிச்சமானது.

ஒன்பதாம் நாள் வகுப்புக்குப் போனால் மிஸ் புதுப் புடவையில் நின்றிருந்தாள். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது, மறுநாளே சேர வேண்டும் என்றாள். எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். நாங்களும் சந்தோஷமாகத் தின்றோம். தின்று முடித்த பிறகுதான் பாய்க்கு உறைத்தது.

"ஏம்மா, அப்ப பாஸ்ட் டென்ஸு?"

"திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம்னு இருந்தேன் சார். மன்னிச்சுக்கங்க."

பாய் படிக்கட்டில் இறங்கும்போது லட்டுத் துணுக்கைத் தாடியிலிருந்து தட்டியபடி சொன்னார். "தங்கச்சி, நமக்கு நேத்து இல்ல, நாளைக்கும் இல்ல. தினமும் பண்றது மட்டும்தான் மிச்சம்."

மீதி இருந்த நாட்களில் கையில் இருந்ததை வைத்தே பயிற்சி செய்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டும்போது, எல்லாவற்றையும் வாய்விட்டு இங்கிலீஷில் சொன்னேன். வேலைக்கு வந்த பெண்கள் முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவர்களும் ஐ டை, ஷி டைஸ் என்று சொல்லிக்கொண்டு கட்டினார்கள். கட்டுவதைத்தான் சொன்னோம். அந்த டை வேறு, செத்துப்போகிற டை வேறு என்பதும் தமிழில் எழுதும்போது மட்டும் ஒன்று என்பதும் எனக்குத் தெரியும். அதில் நான் தப்பு செய்யவில்லை. நான் செய்த தப்பெல்லாம் வேறு.

சம்பந்தி வீட்டார் வருவதற்கு முந்தின நாள், தக்காளி கொண்டுபோன என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் நசுங்கிக் கிடந்த தக்காளியின் மேல் கால் வைத்து வழுக்கி விழுந்தார். நெற்றியில் ஒரு வெட்டு, கணுக்காலில் வீக்கம். நெற்றியில் பிளாஸ்திரியும் காலில் கட்டுமாகத்தான் அவர் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். சம்பந்தி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான ஆள். அவர் பேசும் இங்கிலீஷ் ஸ்டேஷனில் மைக்கில் வருவதுபோல் நிறுத்தி நிதானமாக இருந்தது. சம்பந்தியம்மா சின்ன உருவம். எல்லாவற்றுக்கும் சிரித்தார், எதுவும் பேசவில்லை. பையன் என்னைப் பார்த்ததும் "சாப்டீங்களா" என்றான். காலை ஒன்பது மணிக்குச் சரியான கேள்விதான்.

அரை மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம்தான் வாழை இலை வாங்க மறந்தது தெரிந்தது. மகளும் பையனும் வண்டியில் பாலக்கோடு போய் வாங்கி வருகிறோம் என்றார்கள். மகள் தயங்கினாள்.

"நான் போய்ட்டா நீங்க எப்படிம்மா பேசுவீங்க?"

"எதுக்கு ஒன்பது நாள் படிச்சேன்? போய்ட்டு வா."

அவர்கள் போனதும் சம்பந்தி என் வீட்டுக்காரரின் நெற்றியைக் காட்டி அக்கறையாக ஏதோ கேட்டார். எப்படி ஆச்சு என்றுதான் கேட்டிருப்பார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஹி ஃபால்ஸ்."

எஸ் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"ஃபால்ஸ்?" என்றார் அவர்.

"எஸ். ஹி கோஸ் டு மார்க்கெட் எவ்ரி டே. ஹி ஃபால்ஸ்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஏன் என்று கேட்டார். தரையில் தக்காளிச் சாறு என்று சொல்ல வேண்டும். தரைக்கு வார்த்தை அந்த நேரத்தில் வரவில்லை.

"ஜூஸ்," என்றேன். "மார்க்கெட், மச் ஜூஸ். ஆல் மென் ஃபால்."

மென் பன்மை. அதனால் எஸ் கிடையாது. அதையும் சரியாகச் செய்தேன். சம்பந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் வீட்டுக்காரர் பக்கம் கண்ணைக் காட்டி, "ஹி ட்ரிங்க்ஸ்?" என்றார். என் வீட்டுக்காரர் கையில் அப்போது மோர் டம்ளர் இருந்தது. மதியத்துக்கு முன் இரண்டு டம்ளர் மோர் குடிக்காமல் அவரால் இருக்க முடியாது.

"எஸ் எஸ். ஹி ட்ரிங்க்ஸ். மார்னிங், ஈவினிங். ஐ மேக் இன் ஹவுஸ்."

ட்ரிங்க்ஸ் என்ற ஒரு வார்த்தை மட்டும் என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. மரியாதைக்கு டம்ளரைத் தூக்கிக் காட்டி, "வெரி குட்" என்றார். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"ஹி ட்ரிங்க்ஸ். ஹி வாஷஸ் டம்ளர்."

சம்பந்தி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, சுவரில் மாட்டியிருந்த என் மாமியாரின் போட்டோவைப் பார்த்து யார் என்று கேட்டார்.

"மை மதர் இன் லா. ஷி டைஸ்."

அவர் எழுந்துவிட்டார். உள் அறை எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடினார். உள்ளே யாரோ உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாக்கியம் பலமாக இல்லை, அதனால்தான் புரியவில்லை என்று நினைத்தேன். அடிக்கோடு போட்டு வைத்திருந்தது ஞாபகம் வந்தது. வருஷாவருஷம் திதி கொடுக்கிறோம் அல்லவா?

"ஷி டைஸ் எவ்ரி இயர்," என்றேன். "வீ குக் வடை."

சம்பந்தி போட்டோவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். சம்பந்தியம்மாவும் அவரும் ஒடியாவில் ரகசியமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இன்னொரு டம்ளர் மோர் கேட்டார். கொடுத்தேன். இரண்டு பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் சம்பந்தி வாசலுக்குப் போனார். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க நல்ல இடம் தனக்குத் தெரியும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். அவள் ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறாள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் வாழை இலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் ஓடினேன். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை.

அவள் விளக்கிச் சொல்ல, சம்பந்தி முதலில் மோர் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். பையன் சிரித்தான். என் வீட்டுக்காரருக்கு எதற்கென்று கடைசிவரை புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒன்பது நாள் பஸ் ஏறிப் போய், ஒரு எஸ்கூட விடாமல் பேசி, கட்டின புருஷனைக் குடிகாரன் ஆக்கியிருக்கிறேன். முகத்தைக் காட்டப் பிடிக்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா வந்திருந்தார். கத்திரிக்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு தன்னைக் காட்டி மெல்லச் சொன்னார்.

"மை இங்கிலீஷ் ஆல்சோ, திஸ் மச்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மை ஹஸ்பண்ட் ஸ்பீக்ஸ். ஐ சிட்," என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவருக்கும் பாஸ்ட் டென்ஸ் தெரியாது. யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. மகனின் பழைய புத்தகத்தில் முதல் சில பக்கங்களைத் தானாகப் படித்தாராம். அவரும் அந்த இடத்தோடு நின்றுவிட்டார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, மகள் அப்புறம் சொன்னது. எங்கள் இங்கிலீஷில் நடந்து முடிந்த எதையும் சொல்ல முடியாது. அதனால் இருக்கிறதைப் பேசினோம்.

"யுவர் சன் குக்ஸ்?"

"நோ. ஹி ஈட்ஸ். யுவர் டாட்டர் குக்ஸ்?"

"நோ. மை டாட்டர் ஆல்சோ ஈட்ஸ்."

இரண்டு பேரும் சிறிது நேரம் கத்திரிக்காய் நறுக்கினோம்.

"ஹூ குக்ஸ்?" என்றார் அவர் கவலையாக.

"ஹோட்டல் குக்ஸ்," என்றேன்.

பையன் குறட்டை விடுவான், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவான், அம்மாவோடு தினமும் பேசுவான், பாகற்காய் தொடமாட்டான் என்றார். அவள் விடுமுறை நாளில் பத்து மணிக்கு எழுவாள், கோபம் வந்தால் பேசமாட்டாள், கடன் வாங்கமாட்டாள், பூனையைப் பார்த்தால் தூக்குவாள் என்றேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பையன் என்ன படித்தான், எங்கே வேலைக்குச் சேர்ந்தான், என்ன வாங்கினான் என்றுதான் பேசுவார்கள். எல்லாம் நடந்து முடிந்த சமாச்சாரம். இந்த அம்மாவும் நானும் அரை மணி நேரத்தில் இரண்டு பிள்ளைகளின் துண்டு, குறட்டை, கோபம் வரைக்கும் பேசிவிட்டோம். டஸ் நாட்டில் அவர் எஸ்ஸை இரண்டு இடத்திலும் போட்டார். நான் திருத்தவில்லை. சார்ஜரை எப்படி விளக்குவது?

விருந்தாளிகளுக்குத் தெரிய வேண்டாம் என்று களிப் பானையை மூலையில் மூடி வைத்திருந்தேன். அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு. அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். ஒரு துளி எடுத்து வாயில் வைத்தார். "மாண்டியா," என்றார். கேழ்வரகுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயராம்.

"மை மதர் மேக்ஸ்," என்றார்.

அந்த அம்மா இன்றும் அங்கே அதைக் கிண்டுகிறாரா, போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டதா என்று கேட்க எங்களிடம் இங்கிலீஷ் இல்லை. நான் ஓர் உருண்டை எடுத்து வைத்தேன். அவர் கத்திரிக்காயைத் தள்ளி வைத்துவிட்டு அதைச் சாப்பிட்டு முடித்தார்.

ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே சம்பந்திக்குத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இவர் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் பதில் சொல்ல, இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் ஒப்புக்கொண்டு தலையாட்டியபடி போனார்கள். வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் சம்பந்தி கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார்.

"ஹி ஃபால்ஸ்," என்றார் அமைதியாக.

"எவ்ரி டே?"

"நோ. ஒன்லி டுடே."

என் வீட்டுக்காரரின் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் சம்பந்தி பந்தியில் உட்கார்ந்தார். அன்றே தேதி குறித்தாகிவிட்டது. கல்யாணம் தர்மபுரியில் ஒரு முறையும், அவர்கள் ஊரில் ஒரு முறையும் நடந்தது. பாத்திரக்கடை பாய் பெரிய இட்லிக் கொப்பரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சமைக்கத் தெரியாத இரண்டு பேருக்கு நாற்பது இட்லி வேகும் கொப்பரை. அது பெங்களூரில் இன்றும் செடி வைக்கப் பயன்படுகிறது.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, ஓசூருக்குப் போன மிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வழியாகவே வகுப்பு ஆரம்பித்தாள். பாயும் நானும் மறுபடி சேர்ந்தோம். முதல் பாடமே பாஸ்ட் டென்ஸ். வாக் என்றால் வாக்டு, குக் என்றால் குக்டு. பாய்க்கு இது பிடித்திருந்தது. கோ வந்ததும் நின்றுவிட்டார்.

"கோ-க்கு வென்ட்டா? கோட்னு இல்லியாம்மா வரணும்?"

"வென்ட்தான் சார். அது அப்படித்தான்."

"போறப்ப ஒரு பேரு, போனப்புறம் ஒரு பேரா? அப்ப எந்த ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

மிஸ் அடுத்த வினைச்சொல்லுக்குப் போய்விட்டாள். எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. கற்றதை உடனே சம்பந்தியம்மாவிடம் காட்ட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அடுத்த நாள் காலை போன் போட்டேன். வழக்கம்போல் நலம் விசாரித்துவிட்டு, என் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவர் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கம்பைநல்லூர் போயிருந்தார்.

"ஹி வென்ட்," என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. புது வார்த்தை, புரியவில்லை போலிருக்கிறது.

"மை ஹஸ்பண்ட் வென்ட். டுடே மார்னிங்."

"யூ... அலோன்?"

"எஸ், அலோன். ஐ ஏட். ஐ ஸ்லெப்ட். ஐ ஆம் ஹேப்பி."

அவர் அழ ஆரம்பித்தார். லைன் அறுந்தது. டவர் பிரச்சினையில்தான் குரல் அப்படிக் கேட்கிறது என்று நினைத்து நான் துணி காயப்போடப் போய்விட்டேன். நாம் போயிட்டார் என்று சொன்னால் செத்துப்போனதாக எடுத்துக்கொள்வதுபோல், அவர்கள் மொழியிலும் அப்படியேதானாம். மகள் பிறகுதான் சொன்னாள்.

அரை மணி நேரம் கழித்துக் கம்பைநல்லூரிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பின்னால் பந்திச் சத்தம் கேட்டது.

"சம்பந்தி என் நம்பருக்குப் போன் பண்ணாரு. நான்தான் எடுத்து ஹலோன்னேன். அந்தப் பக்கம் ஏதோ உடைஞ்ச மாதிரி சத்தம். அப்புறம் கட் ஆயிடுச்சு. நீ ஏதாச்சும் இங்கிலீஷ்ல பேசுனியா?"

அதற்குள் அவர்கள் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். மகள் விஷயத்தை விளக்கிச் சொன்ன பிறகும், போட்டது போட்டதுதான், ஒரு தடவை பார்த்துவிட்டே வருகிறோம் என்று இரண்டு பேரும் கிளம்பி வந்தார்கள். தர்மபுரி ஸ்டேஷனுக்கு நாங்கள் போயிருந்தோம். சம்பந்தியம்மா ரயிலைவிட்டு இறங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்காரரிடம் போனார். முழங்கைக்கு மேலே பிடித்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். அவர் "ஆ" என்றார். சம்பந்தியம்மா சம்பந்தியைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் சம்பந்தி வண்டியை விட்டு இறங்கினார்.